இடமா, வலமா?

பேருந்தில் ஏறினாலும் புகைவண்டியில் ஏறினாலும் ஜன்னலோர இடத்திற்காகத் தம்பி தங்கையரோடு சண்டையிட்டு வளர்ந்தவர்கள் நாம். ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் ராஜபதவி கிடைத்தது போன்ற பெருமிதம்! ஆனால் எந்தப் பக்கத்து ஜன்னல் என்று நம்மில் எவரும் கேட்பதில்லை. ஜன்னல் என்றால் ஜன்னல்தானே என்பது நம் எண்ணம். ஆகாய விமானத்தைப் பொறுத்தவரையில் அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை நான் ஒரு நாள் மாலையில் கற்றுக்கொண்டேன். விடுமுறைக்கு விடுமுறை ஊருக்கும் திருப்பதிக்குமாக அலைகின்ற நம் மன்றத்து நண்பர்களுக்கு அதைச் சொல்லிவைத்தால் யாருக்கேனும் பயன்படக்கூடும் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். என் அக்காளின் பிரசவத்தை முன்னிட்டு ஹைதராபாத்தில் மூன்று மாதம் தங்கியிருந்த என் தாயார், ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. “அத்தையை ராத்திரி முழுக்க ரயிலில் உட்காரவைக்க வேண்டாம்” என்று சொல்லி, மாமா எங்கள் இருவருக்கும் திருப்பதி வரையில் விமானச் சீட்டு வாங்கித் தந்தார். திருப்பதியில் இறங்கித் தரிசனம் செய்துகொண்டு, சித்தூர் வழியாகக் காட்பாடிக்குச் சென்று, அங்கிருந்து குடியாத்தம் போய்ச் சேர்வது என்பது ஏற்பாடு.

அம்மாவுக்கு அதுதான் முதல் விமானப் பிரயாணம். இளம் வயதில் அலிபிரியிலிருந்து 3,550 படிகளையும் நடந்தே ஏறியவர் அவர். இப்போது முழங்கால் இடம் கொடுப்பதில்லை. புறப்படுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போதே, “ஏண்டா கண்ணு, மேலேர்ந்து பார்த்தா ஏழு மலையும் ஒண்ணா தெரியுமா?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார். “மலை மேல நின்னா மலை எங்கே தெரியுது? படியும் ஜனமுந்தான் தெரியும். ஒரு தரம் முழுசா பார்க்கணும்” என்பது அவர் விருப்பம். “எல்லாம் தெரியும்மா” என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்த வாக்கைக் காப்பாற்றுவதற்காக அதிகப்படியாகப் பணம் கட்டி ஜன்னலோர இடத்தை வாங்கினேன். எப்படித் தெரிந்தெடுத்தேன் என்று கேட்கிறீர்களா? நடு வரிசைகளில் ஆட்டம் குறைவு என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். கைப்பேசியில் தெரிந்த படத்தில் இடப்பக்கம் முதலில் கண்ணில் பட்டது. அவ்வளவுதான் என் ஆராய்ச்சி!

வழி நெடுகிலும் அம்மா கண்டது வெள்ளை வெளேரென்ற இறக்கை ஒன்றையே. அதன் ஓரத்தில் கொஞ்சம் வானம். இறங்கும் சமயத்தில் வலப்பக்கத்து வரிசைகளில் திடீரென்று சலசலப்பு. “கோவிந்தா, கோவிந்தா” என்று நாலைந்து குரல்கள். அம்மா என் பக்கம் திரும்பி, “எங்கேடா மலை?” என்று கேட்டார். “அந்தப் பக்கம்மா” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்து ஜன்னல்களை மறைத்துக்கொண்டிருந்த முன்பின் அறியாதவர்களின் தலைகளை நோக்கிக் கைகூப்பினார். சக்கரம் தரையைத் தொட்டது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தவறு விமானத்தினுடையது அன்று, என்னுடையது. ஆகவே, நிலநூல் பயிலும் நண்பர் ஒருவரையும், பௌதிகம் பயிலும் நண்பர் ஒருவரையும், ஒரு தேசப்படத்தையும் துணையாகக் கொண்டு விஷயத்தை ஆராயத் தொடங்கினேன். ஜன்னலைத் தெரிந்தெடுக்கும் முன் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் நான்கு என்பது விளங்கிற்று. மலை எங்கே? கதிரவன் எங்கே? காற்று எங்கே? இறக்கை எங்கே?

மலை எங்கே?

தேசப்படத்தை விரித்து, ஹைதராபாத் விமான நிலையத்திற்கும் ரேணிகுண்டாவில் உள்ள திருப்பதி விமான நிலையத்திற்கும் இடையே அளவுகோல் வைத்துக் கோடு ஒன்று இழுங்கள். அக்கோடு தெற்கு நோக்கிச் சற்றே கிழக்குச் சாய்ந்து செல்லும். நீளம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். வானிலையையும் கட்டுப்பாட்டாளரின் உத்தரவையும் அனுசரித்து விமானம் அக்கோட்டிலிருந்து சற்று விலகக்கூடும். எனினும் கோட்டின் இருபுறமும் என்ன இருக்கின்றது என்று அறிந்துகொண்டால் பெரும்பகுதி வேலை முடிந்தது.

கோடு முதலில் கிருஷ்ணா நதியைக் கடக்கின்றது. கடக்கும் இடம் ஸ்ரீசைலம் அணைக்குச் சற்று மேற்கே, அதன் நீர்த்தேக்கத்தின் மீது. பிறகு நல்லமலைக் காடுகள். அதன்பின் வடபெண்ணையாற்றின் குறுக்கே கட்டப்பட்ட சோமசிலா அணையின் அருகே செல்கின்றது. அதற்குத் தெற்கே வெலிகொண்டா மலைத்தொடர். முடிவில், மேற்குப் பக்கத்தில் சேஷாசலம் மலைகள் எழுகின்றன. திருமலை அமைந்திருப்பது அம்மலைகளின் தென்கோடியில்.

இம்மலைகளைப் பற்றி நம் பெரியோர் ஓர் அழகிய வரலாறு கூறுவர். ஆதிசேஷனே மலையாகக் கிடக்கிறான். அவன் தலையில் திருமலை, உடலின் நடுவில் அகோபிலம், வாலில் ஸ்ரீசைலம் என்பது அந்த ஐதிகம். மேற்சொன்ன கோட்டை மறுபடியும் பாருங்கள். ஹைதராபாத்திலிருந்து வரும் விமானம் பாம்பின் வாலருகே தொடங்கித் தலையருகே வந்து முடிகின்றது! அகோபிலம் கோட்டிற்கு மேற்கே நாற்பது கிலோமீட்டருக்கு மேல் விலகி நிற்கின்றது. நல்லமலையும் சேஷாசலமும் கடப்பை வடிநிலத்தைச் சேர்ந்தவை; அவ்வடிநிலம் பிறை வடிவமானது என்பது நிலநூலார் கூற்று. விமானமே இல்லாத காலத்தில், தரையில் நடந்த நம் முன்னோர் இந்த நெடிய மலைவரிசை முழுவதையும் ஒரே உடலாக எப்படி எண்ணிப் பார்த்தார்களோ என்று வியப்பாகவே இருக்கின்றது.

மலை மேற்கே இருப்பதால், தெற்கு நோக்கிப் பறக்கும்போது அது வலப்பக்கம். வடக்கு நோக்கிப் பறக்கும்போது இடப்பக்கம். ‘வருகையில் வலம், போகையில் இடம்’ என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். கோயிலை வலம் வருவது நமக்குப் பழக்கமானதாகையால் மறக்காது.

சென்னையிலிருந்து ஹைதராபாத் போகின்றவர்களுக்கும் இதே கணக்குதான். அவர்களுடைய பாதை திருப்பதிக்குக் கிழக்கே செல்வதால் மலை இடப்பக்கம் அமையும். பெங்களூரிலிருந்து சென்னைக்கு வருவோருக்குச் சித்தூர் நகரம் இடப்பக்கத்தில், பாதைக்குச் சிறிது வடக்கே கிடக்கும்.

கோயிலுக்கு நேர் மேலே பறந்தால் இந்த இட வல ஆராய்ச்சியே வேண்டாமே என்று சிலர் கேட்கலாம். திருமலைக்கு மேலே விமானங்கள் பறக்கலாகாது என்று, ஆகம மரபை எடுத்துக்காட்டித் தேவஸ்தானத்தார் மத்திய அரசை நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டு வருகின்றனர். மேலும், நேர் மேலே பறந்தாலும் பயனில்லை. விமானத்தின் ஜன்னல் பக்கவாட்டில் இருப்பதேயன்றி அடியில் இருப்பதில்லை. காலடியில் உள்ளதைக் காட்டிலும் சற்றுத் தள்ளி உள்ளதே நன்றாகத் தெரியும்.

மூலஸ்தானத்தின் மேல் பொன் வேய்ந்து நிற்பதும் விமானந்தான். ஆனந்த நிலையம் என்பது அதன் பெயர். அம்மா காண விரும்பிய விமானம் அது. நான் சீட்டு வாங்கியது வேறு விமானம். இரண்டிற்கும் பெயர் ஒன்றாயினும், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் காண்பதற்குக் கொஞ்சம் பூகோளம் தேவைப்படுகின்றது.

கதிரவன் எங்கே?

மலை இருக்கும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் போதாது. அந்தப் பக்கத்திலேயே கதிரவனும் இருந்தால், கண்ணாடியில் உள்ள கீறலும் கைரேகையுமே பளிச்சென்று தெரியும். மலை கருநிழலாக நிற்கும். கதிரவன் நம் முதுகுப் பக்கம் இருந்தால் மலையின் மடிப்பும் பாறையின் நிறமும் தெளிவாகத் தோன்றும். ஆகவே, தெற்கு நோக்கி வருகின்றவர் காலை விமானத்தில் வலப்பக்கம் உட்கார்ந்தால் கிழக்கு வெயில் மேற்கு மலைகளின் மேல் விழுவதைக் காணலாம். மாலை விமானமானால் மலை நிழலுருவமாகவே தெரியும். என் தாயாருக்கு அந்த நிழலுருவமே போதுமானதாக இருந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

மாலையில் மலை வேண்டாம், கடற்கரை வேண்டும் என்பவர் இடப்பக்கம் அமரட்டும். மேற்கு வெயிலில் கிழக்குச் சமவெளி துலங்கும். வானம் தெளிவாக இருந்தால் தொலைவில் பழவேற்காடு ஏரியும், அதற்கப்பால் ராக்கெட்டுகள் ஏவப்படுகின்ற ஸ்ரீஹரிகோட்டாவும் இருக்கும் திசை அது.

எவ்வளவு தொலைவு தெரியும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால், அடிவானம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்பது கிடைக்கும். 5,000 மீட்டர் உயரத்தில் பறந்தால் அடிவானம் சுமார் 250 கிலோமீட்டர். 10,000 மீட்டரில் 357 கிலோமீட்டர். காற்றில் தூசும் ஈரமும் இருப்பதால் கண்ணுக்கு அவ்வளவும் எட்டாது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள்தான் கணக்குக்கு அருகில் வரலாம். இதே கணக்கை மாற்றிப் போட்டால், கடலில் வரும் கப்பல்காரர்கள் உள்நாட்டில் நிற்கும் நகரி மலையின் மூக்குப் போன்ற சிகரத்தை வெகு தொலைவிலேயே கண்டு, கரை நெருங்குகிறது என்று அடையாளம் தெரிந்துகொண்டதன் காரணமும் புலப்படும்.

கதிரவன் இருக்கும் பக்கத்தை முற்றிலும் தள்ளிவிடவும் வேண்டாம். சித்தூர்ச் சீமை ஏரிகளும் குட்டைகளும் நிறைந்தது. பெரிய ஆறுகள் அருகிய பூமியாதலால், மழைநீரை மடக்கிப் பிடித்துப் பிழைத்தவர்கள் அந்நாட்டார். கதிரவன் இருக்கும் பக்கத்து ஜன்னலிலிருந்து பார்த்தால், கீழே உள்ள ஒவ்வொரு நீர்நிலையும் விமானம் கடக்கும் கணத்தில் கண்ணாடிச் சில்லைப் போல மின்னி மறையும். நீர் இருந்தால்தான் மின்னும். வறண்ட ஏரி மின்னாது. மின்னுவதை எண்ணிக்கொண்டு வந்தால், அவ்வாண்டு மழை எப்படி என்பதைச் செய்தித்தாள் படியாமலே அறியலாம். ஆகவே, மலை பார்ப்பவர் வெயிலுக்கு முதுகு காட்டட்டும். ஏரி பார்ப்பவர் வெயிலுக்கு முகம் கொடுக்கட்டும்.

வெயிலுக்கு எதிர்ப்பக்கத்தில் அமர்ந்தவருக்கு இன்னொரு வெகுமதியும் உண்டு. கீழே மேகம் பரவியிருக்கும்போது, விமானத்தின் நிழல் அதன்மேல் ஓடுவதைக் கவனியுங்கள். சில சமயங்களில் அந்நிழலைச் சுற்றி வானவில் நிறங்களோடு சிறு வட்டம் ஒன்று தோன்றும். மேகத்தின் நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியை வந்த வழியே திருப்பியனுப்புவதால் உண்டாவது அது. கதிரவன் பக்கத்தில் இருப்போருக்கு அது ஒருபோதும் கிட்டாது.

காற்று எங்கே?

இதுவே நான் அறியாதிருந்த இரகசியம். விமானம் இறங்கும்போதும் ஏறும்போதும் கூடுமானவரையில் காற்றை எதிர்த்தே செல்லும். எதிர்காற்று இறக்கையைத் தாங்குவதால், தரையில் ஓடவேண்டிய வேகமும் தூரமும் குறைகின்றன. பட்டம் விட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

திருப்பதி விமான நிலையத்தின் ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காக அமைந்தது. அதன் முனைகளுக்கு 08, 26 என்று எண்கள் இட்டிருக்கின்றனர். திசைகாட்டியின் பாகையில் கடைசிச் சுன்னத்தை நீக்கிய எண்கள் அவை. 80 பாகை என்பது ஏறத்தாழக் கிழக்கு. 260 பாகை என்பது ஏறத்தாழ மேற்கு. மலை, ஓடுபாதைக்கு வடக்கிலும் வடமேற்கிலும் நிற்கின்றது.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையில் காற்று பொதுவாக மேற்கிலிருந்து வரும். அப்போது விமானம் கிழக்குப் பக்கமாக வந்து மேற்கு நோக்கி இறங்கும். வடக்கு வலப்பக்கம், ஆகவே மலையும் வலப்பக்கம். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையில், காற்று கிழக்கிலிருந்து வருவது வழக்கம். அப்போது விமானம் மேற்கிலிருந்து வந்து கிழக்கு நோக்கி இறங்கினால் மலை இடப்பக்கம் ஆகிவிடும். வழியெல்லாம் வலம், இறங்கும்போது மட்டும் இடம் என்ற இக்கட்டு அக்காலத்தில் உண்டு. காற்று ஒரு நாளைப்போல் மறுநாள் இராது. ஆதலால் முதல் நாள் இரவு கைப்பேசியில் வானிலைச் செய்தியைப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

விமானம் திரும்பும்போது எப்பக்கம் திரும்புகின்றதோ அப்பக்கத்து இறக்கை தாழும். அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு நிலம் நன்றாகத் தெரியும்; எதிர்ப்பக்கத்தவருக்கு வானம் மட்டுமே மிஞ்சும்.

என் கதைக்கு வருகிறேன். ஆகஸ்டு மாதம், மேற்குக் காற்று, தெற்கு நோக்கிய பிரயாணம். எந்தக் கணக்கின்படி பார்த்தாலும் வலப்பக்கமே சரி. நான் வாங்கியதோ இடப்பக்கம்!

இறக்கை எங்கே?

திருப்பதிக்கு வரும் விமானங்கள் பெரும்பாலும் இரு வகை. ஒரு வகை, பக்கத்திற்கு மூன்று இருக்கைகள் கொண்ட ஜெட் விமானம். இதன் இறக்கைகள் உடலின் அடிப்பாகத்தில் பொருத்தப்பட்டவை. நடுவே உட்கார்ந்தால் கீழுள்ள நிலத்தை இறக்கை மறைத்துவிடும். ஆட்டம் குறைவு என்று கேள்விப்பட்டது மெய்தான். காட்சியும் குறைவு என்பதை எனக்குச் சொன்னவர் சொல்லவில்லை. இறக்கைக்கு முன்னே உள்ள வரிசைகளே சிறந்தவை. பின் வரிசைகளில் நிலம் தெரியுமாயினும், எந்திரத்திலிருந்து வரும் வெப்பக்காற்று கானலைப் போலக் காட்சியைக் கலக்கும்.

மற்றொரு வகை, பக்கத்திற்கு இரண்டு இருக்கைகள் கொண்ட ஏடிஆர் என்னும் விசிறி விமானம். இதன் இறக்கை கூரையின் மேல் பொருத்தப்பட்டது. ஆகவே, கீழே பார்ப்பதற்குத் தடை குறைவு. முன்பகுதியில் விசிறியும் அதன் இரைச்சலும் பக்கத்தில் இருக்கும். பின் வரிசைகள் உத்தமம். ஜெட் விமானத்தைவிட இது தாழ்வாகவும் மெதுவாகவும் பறக்கும். அவசரக்காரர்கள் இதைக் குறையாகச் சொல்வர். காட்சி காண்போருக்கு அதுவே நிறை.

இருக்கைப் படத்தில் ‘ஏ’ என்று குறித்திருப்பது, முன்னோக்கி அமர்ந்தவருக்கு இடப்பக்கத்து ஜன்னல். ‘எஃப்’ என்பது இவ்விரு வகைகளிலும் வலப்பக்கத்து ஜன்னல். சில விமானங்களில் ஏதேனும் ஒரு வரிசையில் ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் சுவர் இருப்பதும் உண்டு. உள்ளே காற்றுக்குழாய் செல்வதே காரணம். பணம் கட்டுவதற்கு முன் அதையும் விசாரித்துக்கொள்க.

ஜன்னல் ஏன் இவ்வளவு சிறிது, ஏன் மூலைகள் வளைந்திருக்கின்றன என்று அம்மா கேட்டார். அன்று பதில் தெரியவில்லை. 1954ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டுக் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு, மூன்று மாத இடைவெளியில் நடுவானில் சிதறின. உள்ளே காற்றழுத்தம் ஏறி ஏறி இறங்கியதில் உலோகம் களைத்து, உடலில் வெட்டிய திறப்புகளின் மூலைகளருகே வெடிப்புக் கண்டது என்று ஆராய்ச்சியில் தெரிந்தது. கூரிய மூலைகளில் அழுத்தம் குவியும். வளைந்த மூலைகளில் பரவும். நாம் முகம் பதித்துப் பார்க்கின்ற அச்சிறு ஜன்னலின் வளைவுக்குப் பின்னே பல உயிர்களின் விலை இருக்கின்றது.

கணக்கு பலித்த நாள்

டிசம்பர் மாதத்தில் நேர்முகத் தேர்வு ஒன்றிற்காகத் திருப்பதியிலிருந்து ஹைதராபாத்துக்குக் காலை விமானத்தில் போகும்படி நேர்ந்தது. முதல் நாளிரவே கணக்குப் போட்டேன். வடக்கு நோக்கிப் பிரயாணம், மலை இடப்பக்கம். காலைக் கதிரவன் தென்கிழக்கில். மலை மேல் வெயில் விழும். காற்று வடகிழக்கு, விமானம் கிழக்கு நோக்கி ஏறும், பிறகு வடக்கே செல்ல இடப்பக்கம் திரும்பும், இடப்பக்கத்து இறக்கை தாழும். நான்கு கேள்விகளுக்கும் ஒரே விடை. விசிறி விமானத்தில் பின் வரிசை, இடப்பக்கத்து ஜன்னல்.

கணக்கு பொய்க்கவில்லை. விமானம் எழுந்து திரும்பியபோது சேஷாசலம் முழுவதும் ஜன்னலுக்குள் வந்தது. செங்குத்தான சரிவுகள், அவற்றின் தலையில் வரிசையாகப் பாறைச் சுவர், அதற்கு மேல் மேசை போன்ற பரப்பு, அதில் காட்டின் பச்சை. நிலநூல் நண்பர் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. அச்சரிவின் அடியில் இருப்பது மிகப் பழமையான கருங்கல். அதன்மேல் படிந்திருப்பது பிற்காலத்துப் படிகப்பாறை. இரண்டும் சந்திக்கும் கோட்டில் ஏறக்குறைய 80 கோடி ஆண்டுகளின் வரலாறு விடுபட்டுப் போயிருக்கின்றது. இந்திய நிலநூல் ஆய்வுத்துறை அதைத் தேசிய நிலநூல் சின்னமாகவே அறிவித்திருக்கின்றது. மலைப்பாதையில் பேருந்தில் போகின்ற நாம், கையில் லட்டுப் பையோடு அதைக் கடந்து போகிறோம்.

பச்சைக்கு நடுவே வெள்ளைப் புள்ளிகளாகச் சில கட்டடங்கள் தெரிந்தன. கோபுரத்தைப் பிரித்தறிய என்னால் முடியவில்லை. இரண்டு நிமிடங்களுக்கு மேல் அக்காட்சி நீடிக்கவில்லை. படம் ஒன்று எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். மறுநாள் தொலைபேசியில், “நல்லா இருக்குடா. நீ பார்த்தியே, அது போதும்” என்றார். அது போதாது என்பது எனக்குத் தெரியும்.

காசில்லாத ஜன்னல்

விமானச் சீட்டு மாணவர் கைக்கு எட்டுவதன்று என்று நண்பர்கள் சொல்லக்கூடும். மெய்தான். ஆனால் நான்கு கேள்விகளில் முதல் இரண்டும் ரயிலுக்கும் பொருந்தும். நம்மில் பலர் ஊருக்குப் போகின்ற காட்பாடி வழியையே எடுத்துக்கொள்வோம். 1891ஆம் ஆண்டில் மீட்டர் பாதையாகப் போடப்பட்டு, பின்னர் அகலப்பாதையாக மாறிய பழைய வழி அது. திருப்பதியிலிருந்து மேற்காகச் சந்திரகிரிக்குச் சென்று, பாகாலாவில் தெற்கே திரும்பிச் சித்தூர் வழியாகக் காட்பாடியை அடைகின்றது. திருப்பதியிலிருந்து சந்திரகிரி வரையில் திருமலைத் தொடர் வடக்கே, அதாவது வலப்பக்கத்தில், வண்டியோடு கூடவே வரும். சந்திரகிரி, விஜயநகர அரசர்கள் தம் கடைசிக் காலத்தில் ஆண்ட ஊர். அதன்பின் சித்தூர் வரையில் பாறைக் குன்றுகளும் மாந்தோப்புகளும். கிளிமூக்கு மாம்பழம் இங்கிருந்துதான் கூழாகிக் கப்பலேறுகின்றது.

திருமலைக்குப் போகும் பேருந்தில் எந்தப் பக்கம் என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இறங்குவதற்குப் பயன்படும் பாதை 1944இல் திறக்கப்பட்டது. அதில் 36 கொண்டையூசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பள்ளம் பக்கம் மாறும். ஆகவே இருபக்கத்தாருக்கும் சமபங்கு; அங்கே சண்டை வேண்டாம்.

2024ஆம் ஆண்டு தை மாதத்தில் அம்மா உறவினரோடு திருப்பதிக்கு வந்தார். திரும்பும் நாள் காலையில் நான் நிலையத்திற்கு முன்னதாகவே போய், காட்பாடி செல்லும் வண்டியில் ஏறி, வலப்பக்கத்து ஜன்னலில் துண்டு போட்டு இடம் பிடித்தேன். காலை வெயில் தென்கிழக்கிலிருந்து வந்தது. வண்டி நகர்ந்து ஊரைத் தாண்டியதும், மலை முழுவதும் வெயிலில் நின்றது. பாறைச் சுவர் பொன்னிறமாக இருந்தது. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஐந்து வரையில் எண்ணினார். பிறகு எங்கே ஒன்று முடிந்து எங்கே இன்னொன்று தொடங்குகிறது என்று தெரியாமல் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். சந்திரகிரி வரும் வரையில் என்னோடு பேசவில்லை.

சந்திரகிரியில் வண்டி நின்றபோதுதான் திரும்பினார். “பிளேன்ல கண்ணாடி மூடியிருந்துதுடா. இதுல காத்தும் வருது” என்றார்.

நண்பர்களே, அடுத்த விடுமுறைக்குப் பெட்டி கட்டும் முன் தேசப்படத்தை ஒரு முறை விரித்துப் பாருங்கள். உங்களோடு வயதானவர் யாரேனும் வருவதாக இருந்தால் இரண்டு முறை பாருங்கள்.